வாசகர் கேள்வி – பதில்: யூரியா போட்டால் நெல் குளிர் தாங்குமா?

சென்ற இதழில் 1993-ஆம் ஆண்டு ஜப்பானின் நெல் விளைச்சல் வழக்கமான அளவில் 74 விழுக்காடாகச் சரிந்ததையும், அந்த நாடு சுமார் 2.6 மில்லியன் டன் அரிசியை வெளியிலிருந்து வாங்கியதையும் குறிப்பிட்டிருந்தோம். கோடையிலேயே குளிர் அடித்ததுதான் காரணம். அதோடு, குளிர் வரும் ஊரில் தழைச்சத்தைக் (யூரியாவில் உள்ள நைட்ரஜனை) கூட்டினால் மணி பிடிக்காத பதரும் கூடும் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள்.

உரம் போட்டால் பயிர் திடமாகும், திடமான பயிர் குளிரைத் தாங்கும் என்றுதானே ஐயா நினைப்போம்? நீங்கள் தலைகீழாக எழுதியிருக்கிறீர்களே, அச்சுப்பிழையா?
— பல்கலைக்கழக மாணவி, குளுகோர், பினாங்கு

அச்சுப்பிழை இல்லை. ஆனால் எந்தப் பருவத்தில் என்பதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

நெல் தன் வாழ்நாளில் குளிருக்கு மிகவும் அஞ்சவேண்டிய நாட்கள் சிலவே. கதிர் வெளியே தலைகாட்டுவதற்கு ஏறத்தாழ 10 முதல் 12 நாள் முன்பு, தொண்டைக்கதிராக உள்ளே மறைந்திருக்கும்போது, மகரந்தத் தாய்ச்செல்கள் நான்கு நான்காகப் பிரிந்து இளம் மகரந்தத் துகள்களாகத் தனித்து நிற்கும். அந்த நேரத்தில் வெப்பம் 17, 18 டிகிரிக்குக் கீழே இறங்கிச் சில நாள் அங்கேயே நின்றுவிட்டால், மகரந்தப்பையின் உட்சுவரில் இருந்து துகள்களுக்கு ஊட்டம் கொடுக்கும் திசு வீங்கிப்போய் வேலையை நிறுத்திவிடுகிறது. பையில் சர்க்கரை இருக்கும். அதை உடைத்துத் துகளுக்குள் அனுப்பும் நொதி மந்தமாகிவிடுவதால் அது மாவுச்சத்தாகச் சேராது. பூ மலரும் நாளில் மகரந்தம் வெறும் கூடு. பெண் உறுப்புக்குப் பெரிய சேதம் கிடையாது. குளிர்பட்ட பூவில் நல்ல மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவினால் மணி பிடிக்கிறது. ஆக, இந்தப் பதர் முழுக்க முழுக்க மகரந்தத்தின் கோளாறு.

தழைச்சத்து இதில் எங்கே வருகிறது? கதிர் உருவாகத் தொடங்கும் நேரத்தில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் கதிரில் பூக்களின் எண்ணிக்கை கூடும். ஒரு பூவுக்கு ஆறு மகரந்தப்பைகள். ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல் துகள்கள். பூக்கள் பெருகினால் ஒரு பைக்குக் கிடைக்கும் துகள்கள் குறைகின்றன. சட்டிச் சோறு அதேதான், பந்தியில் இலை மட்டும் கூடிவிட்டது. வெப்பமான ஊரில் இது வெளியே தெரியாது. ஒரு பூ கருவுற அந்தத் துகள்களில் சிறு பங்கே போதும், மீதியெல்லாம் கையிருப்பு. குளிர் வந்து பாதியை அழித்தால்தான் கையிருப்பின் அருமை தெரியும். ஏற்கெனவே மெலிந்த கையிருப்போடு நிற்கும் பயிர் அங்கே தோற்றுவிடுகிறது. குளிரில்லாத ஆண்டில் அதே உரம் அதே வயலில் கூடுதல் மகசூலைக் கொடுத்திருக்கும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். விவசாயி ஏமாறுவது இதனால்தான்.

இன்னும் இரண்டு வழிகளில் கெடுதல் நேர்கிறது. தழைச்சத்து மிகுந்த பயிர் கதிர்விடத் தாமதமாகும். குளிர்நாடுகளில் அந்தத் தாமதம் மணி முற்றும் காலத்தை இலையுதிர்காலக் குளிருக்குள் தள்ளிவிடும். அடுத்து, இலை கொழுத்து, அதற்கு உறுதி தரும் சிலிக்காவின் பங்கு குறையும். குளிரும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

இப்படிச் சொன்னதும் உரமே போடாமல் விட்டால் நல்லது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பசியில் வாடிய பயிருக்குத் தூரும் (பக்கத்தண்டும்) குறைவு, கதிரும் குறைவு. குளிரிலிருந்து தப்பித்து அறுக்க அங்கே என்ன இருக்கும்? நாற்றங்காலில் நிலைமை வேறு. போதிய தழைச்சத்து உள்ள நாற்றுதான் நட்ட பிறகு குளிர்ந்த சேற்றில் புது வேர் விடும். கதிர் உருவாகும் கட்டத்தில் வேர் எவ்வளவு தழைச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மூட்டைக் கணக்கில் இல்லை.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் எங்கள் மாமாவுக்கு நெல் வயல் உண்டு. ஓடைத் தண்ணீர் வயலுக்குள் இறங்கும் மூலையில் ஆண்டுதோறும் பதர்தான். அந்த இடம் வெளிறித் தெரிவதால் மாமா அங்கே மட்டும் யூரியாவைக் கூடுதலாக வீசுகிறார். சரிதானா?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: அந்த மூலையில் யூரியா எரிகிற நெருப்பில் எண்ணெய்.

கூடலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். மலை ஓடைத் தண்ணீர் வயலில் நிற்கும் தண்ணீரைவிடக் குளிர்ச்சியானது. இறங்கும் வாயருகே உள்ள பயிர் இரவும் பகலும் அந்தக் குளிரில்தான் நிற்கிறது. குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்யும், வேரும் மெதுவாகவே உறிஞ்சும். அதனால் இலை வெளிறுகிறது. அதைப் பசி என்று நினைத்து யூரியா போட்டால் அது உடனே உள்ளே போவதில்லை. வெயில் ஏறி மண் சூடானதும், மண்ணிலேயே தேங்கியிருந்த தழைச்சத்தும் மாமா வீசிய யூரியாவும் ஒன்றாகச் சேர்ந்து, சரியாகக் கதிர் உருவாகும் நேரத்தில் பயிருக்குள் பாயும். முன் கேள்வியில் சொன்ன வினைகள் அத்தனையும் அந்த மூலையில் நடக்கும்.

அறுவடைக்கு முன் ஒருநாள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வாயிலிருந்து விசிறி விரித்ததுபோல ஒரு பரப்பில் கதிர்கள் தலை சாயாமல் பச்சையாக நிமிர்ந்து நின்றால், அது குளிர்நீரின் தடம். விசிறி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் தண்ணீர் சூடாகாமல் ஓடியிருக்கிறது.

செய்யவேண்டியது மண்வெட்டி வேலை. தண்ணீரை நேரே வயலுக்குள் விடாமல், வரப்போரமாக ஆழமில்லாத அகன்ற வாய்க்கால் ஒன்றை வெட்டி, வயலைச் சுற்றிவரச் செய்து மறுகோடியில் இறக்கவேண்டும். வெயில் படும் தூரம் கூடக்கூடத் தண்ணீர் சூடாகும். இடமிருந்தால் வாயருகே சிறு பாத்தி ஒன்றைக் கட்டித் தண்ணீரை அதில் தேக்கிப் பிறகு வயலுக்கு விடலாம். அந்தப் பாத்தியில் நெல்லுக்குப் பதில் சேம்பு வைத்தால் இடமும் வீணாகாது. பாய்ச்சும் நேரமும் முக்கியம். பகல் வெயிலில் ஓடைநீரை ஓடவிட்டால், சூடான வயல்நீரைத் துரத்திவிட்டுக் குளிர்நீரை நிரப்பியதாகிவிடும். விடியற்காலையில் பாய்ச்சி முடித்து, பகல் முழுக்க மடையை அடைத்துவைக்க வேண்டும். இறங்கும் வாயை ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றினாலும் ஒரே மூலை அடிபடுவது குறையும்.

அந்த மூலைக்கு மேலுரத்தை, அதாவது நட்ட பிறகு போடும் உரத்தை, பாதியாகக் குறைக்கலாம். கதிர் உருவாகும் நேரத்து மேலுரத்தை அங்கே அடியோடு நிறுத்துவது இன்னும் நல்லது.

தழைச்சத்தைக் குறை என்கிறீர்கள். அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம்?
— வாசகி, பட்டர்வொர்த்

பதிலாக என்று எதுவும் இல்லை, துணையாக உண்டு. குளிர்ந்த மண்ணில் வேர் திணறுவது பெரும்பாலும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுப்பதில்தான். அதனால் குளிர்ப் பகுதிகளில் நாற்றங்காலுக்கும் அடியுரத்துக்கும் மணிச்சத்தைத் தாராளமாகக் கொடுப்பார்கள். தூர் சீக்கிரம் கட்டும், கதிரும் தாமதமாகாது. அடுத்தது சிலிக்கா. ஜப்பானில் இரும்பாலைக் கசடிலிருந்து வரும் கால்சியம் சிலிகேட்டை ஹெக்டேருக்கு 1 முதல் 2 டன் வரை உழவுக்கு முன் இடுவது பழைய வழக்கம். நம் பக்கத்தில் உமிக்கரி கிடைக்கும். கருப்பாக இருக்கும்போதே அணைத்த கரியாக இருக்கட்டும். கடும் சூட்டில் வெளுத்துப்போன சாம்பலில் சிலிக்கா படிகமாகி எளிதில் கரையாது. வைக்கோலை எரிக்காமல் மடக்கி உழுதாலே பயிர் எடுத்த சிலிக்காவில் பெரும்பங்கு மண்ணுக்குத் திரும்பிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ரகம். 1993-இல் வடகிழக்கு ஜப்பானில் சசானிஷிகி என்ற பெயர்பெற்ற ரகம் படுத்துவிட்டது. குளிர் தாங்கும் ஹிதோமெபோரே அதன் இடத்தைப் பிடித்தது. ரகத்தால் வரும் வித்தியாசத்தை உரத்தால் ஈடுகட்ட முடியாது.

என் மருமகன் ஆஸ்திரேலியாவின் ரிவரினாவில் ஒரு நெற்பண்ணையில் வேலை செய்கிறார். ஜனவரி கடைசியில் வயலில் தண்ணீரை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை ஏற்றுகிறார்களாம். பயிர் அழுகாதா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அழுகாது. அங்கே தண்ணீர்தான் கம்பளி.

இரவில் காற்று சட்டென்று குளிரும், தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும். குள்ள ரகங்களில் தொண்டைக்கதிர் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கிறது. 20 முதல் 25 செ.மீ. தண்ணீர் நின்றால் கதிர் நீருக்குள் மூழ்கி, வெளிக்காற்றைவிடச் சில டிகிரி கூடுதலான வெப்பத்தில் இரவைக் கழித்துவிடும். அக்டோபரில் விதைத்த பயிருக்கு ஜனவரி கடைசியும் பிப்ரவரி தொடக்கமும்தான் மகரந்தம் உருவாகும் நாட்கள். அந்நாட்களில் அங்கே இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு.

எப்போது ஏற்றுவது என்பதற்குப் பயிரிலேயே அடையாளம் உண்டு. கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) தண்டோடு சேரும் கழுத்தையும், அதற்குக் கீழ் இலையின் கழுத்தையும் பாருங்கள். கண்ணாடி இலையின் கழுத்து உள்ளேயிருந்து மேலே ஏறிவந்து கீழ் இலையின் கழுத்தோடு சமமாக நிற்கும் நேரம்தான் ஆபத்தின் உச்சி. வயலில் எல்லாத் தூரும் ஒரே நாளில் அங்கே வராது. ஆகவே முந்திய தூர்கள் அந்த நிலையை நெருங்கும்போதே தண்ணீரை ஏற்றி, பிந்திய தூர்கள் கடந்துபோகும் வரை, அதாவது 10 நாளுக்குக் குறையாமல் நிறுத்தவேண்டும்.

ஜப்பானியர் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். ஆபத்து நாட்களுக்கு முன்பே, கதிர் உருவானதிலிருந்து, 10 செ.மீ. தண்ணீரை நிறுத்திவைப்பார்கள். இளங்கதிர் இதமாக வளர்ந்தால் துகள்களின் எண்ணிக்கையே கூடும் என்பது கணக்கு. தழைச்சத்து கையிருப்பைக் குறைக்கிறது, வெதுவெதுப்பான நீர் அதைக் கூட்டுகிறது. இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

தவறு நடப்பது பெரும்பாலும் வரப்பில்தான். 25 செ.மீ. தண்ணீர் நிற்க வரப்பு 30 செ.மீ.க்கு மேல் உயரமாக, நண்டு ஓட்டை இல்லாமல் இருக்கவேண்டும். வயல் சமமில்லாவிட்டால் மேட்டுப்பக்கத்தில் 12 செ.மீ.தான் நிற்கும், அங்கே மட்டும் பதர் விழும். குளிர் வந்த பிறகு ஓடிப்போய் நிரப்புவதும் பயனில்லை. அதற்குள் வாய்க்கால் நீரும் குளிர்ந்திருக்கும்.

எங்கள் பக்கம் எந்தக் காலத்திலும் குளிர் கிடையாது. ஆனாலும் சில போகங்களில் பதர் அதிகம் விழுகிறது. இந்தக் குளிர்க் கதைக்கும் எங்களுக்கும் சம்பந்தம் உண்டா?
— நெல் விவசாயி, நிபோங் திபால்

குளிரால் வந்த பதர் உங்கள் வயலில் இருக்க வழியில்லை. உங்கள் செபராங் பிறைப் பகுதியில் இரவு வெப்பம் பெரும்பாலும் 23, 24 டிகிரி. நம் மலேசியாவில் இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உள்ளவர்கள் சரவாக்கின் பாரியோ போல 1,000 மீட்டர் உயரத்தில் நெல் வைப்பவர்கள்தான்.

உங்கள் பதரைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதுவே சொல்லும். கதிர் முழுதும் வெளுத்து, இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்தால் தண்டுத் துளைப்பான். கதிர்க்கழுத்து கருகி வெளுத்திருந்தால் குலைநோய். உமியில் பழுப்புப் புள்ளியும் உள்ளே அரைகுறை மணியும் இருந்தால் கதிர்நாவாய்ப்பூச்சி உறிஞ்சியது. புள்ளியில்லாமல், கதிரின் அடிப்பகுதி மணிகள் மட்டும் பாதி நிரம்பியிருந்தால் மேகமூட்டம், அல்லது நெருக்கமான விதைப்பு. பூக்கும் நாட்களில் முற்பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டியிருந்தால் சுத்தமான வெற்று உமி கிடைக்கும். குளிர்ப் பதரும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், காரணம்தான் நேர் எதிர்.

இவற்றில் குலைநோயும் நெருக்கமும் தழைச்சத்தோடு சம்பந்தப்பட்டவை. அதனால் இலை வண்ண அட்டை (எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட அட்டை) ஒன்று வாங்கி வையுங்கள். வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், ஒரே ஆள், தன் உடம்பின் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடவேண்டும். பத்து இலையில் ஆறு 4-ஆம் நிறத்துக்கும் கீழே வெளிறியிருந்தால் மட்டும் மேலுரம். ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்று கணக்கு வைத்தால் அது 65 கிலோ யூரியா. ஒரு ரெலோங்குக்கு (சுமார் 0.29 ஹெக்டேர்) 19 கிலோ. வெயிலில் பார்த்தால் இலை வெளிறியதாகத் தோன்றி, தேவையில்லாமல் மூட்டையை அவிழ்ப்பீர்கள்.

ஆறாம் படிவ மாணவர்களை வைத்து இதைச் சோதனையாகச் செய்யலாமா? எங்களிடம் பானக் குளிர்பெட்டி ஒன்று சும்மா இருக்கிறது.
— உயிரியல் ஆசிரியை, ஜோர்ஜ் டவுன்

தாராளமாகச் செய்யலாம். ஒன்பது தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 5 கிலோ உலர்ந்த வயல்மண், மூன்று நாற்று. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாஷும்) எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. யூரியா மட்டும் மூன்று தொட்டிக்கு 1.1 கிராம், மூன்றுக்கு 2.2, மூன்றுக்கு 4.3, அதாவது 0.5, 1, 2 கிராம் தழைச்சத்து. மூன்றாகப் பிரித்து, நட்ட பத்தாம் நாள், தூர்கட்டும்போது, கதிர் உருவாகும்போது கொடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நாற்று கருகிவிடும்.

110 நாள் ரகம் என்றால் 60-ஆம் நாளிலிருந்து தினமும் இலைக்கழுத்தைப் பார்க்கவேண்டும். நாள்காட்டியை நம்பவேண்டாம், யூரியா கூடிய தொட்டி சில நாள் பிந்தும், அதை மற்றதோடு ஒரே தேதியில் குளிரில் வைத்தால் பருவத்தைச் சோதித்ததாக ஆகுமே தவிர உரத்தை அல்ல. கழுத்துகள் சமமாக நிற்கும் தாய்த்தண்டில் மட்டும் நூல் கட்டுங்கள், கணக்கும் அந்தத் தண்டுக்கு மட்டும்.

குளிர்பெட்டியில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. ஆய்வகங்களில் ஜப்பானிய ரகங்களுக்கு 12 டிகிரியில் மூன்று, நான்கு நாள் என்பது வழக்கம். நம் ரகங்கள் அதைவிட மென்மையானவை. 12-இல் வைத்தால் ஒன்பது தொட்டியும் முழுப் பதராகும், உரத்தின் வித்தியாசமே தெரியாது. 15 டிகிரியில் தொடங்கி, உபரித் தொட்டிகளை வைத்து எத்தனை நாளில் பாதிப் பூ பதராகிறது என்று முதலில் ஒத்திகை பாருங்கள். உள்ளே ஒரு விளக்கு வேண்டும். ஒவ்வொரு உர அளவிலும் ஒரு தொட்டியைக் குளிரில்லாத பெட்டியில் அதே வெளிச்சத்தில் வைக்காவிட்டால், இருட்டு செய்த வேலையைக் குளிரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். வெப்பமானியைத் தரையில் வைக்காமல் கதிர் இருக்கும் உயரத்தில் கட்டுங்கள்.

குளிர்பெட்டி பழுதானாலும் கவலையில்லை, சோதனையின் சுவையான பாதி நுண்ணோக்கியில்தான் இருக்கிறது. பூக்கும் நாள் காலையில், உமி திறப்பதற்கு முன், கதிரின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பூவை எடுத்து, ஒரே ஒரு மகரந்தப்பையைக் கண்ணாடித் தகட்டில் வையுங்கள். 100 மி.லி. நீரில் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடும் 1 கிராம் அயோடினும் கரைத்த திரவம் ஒரு சொட்டு. ஊசியால் நசுக்கி மூடுங்கள். கருநீலமாக உருண்டிருப்பவை நல்ல துகள். மஞ்சளாகச் சுருங்கியவை வெற்றுக் கூடு. குளிரே படாத மூன்று உர அளவுத் தொட்டிகளிலும் ஒரு பைக்கு மொத்தம் எத்தனை துகள் என்று எண்ணினாலே, பந்தியில் இலை கூடினால் சோறு குறைகிறதா என்பது தெரிந்துவிடும். வித்தியாசம் சிறிதாக இருக்கக்கூடும் என்பதால் தொட்டிக்குப் பத்துப் பையாவது எண்ணுங்கள். எண்ணும் மாணவருக்கு அது எந்தத் தொட்டி என்று சொல்லாதீர்கள்.